தனி அடுப்புக்கு வரி

மருதாசலத்துக்கு வந்த வரி நோட்டீசில் அவனுடைய ஒரு வீடு இரண்டு வீடாகியிருந்தது. முன்னால் அவனும் மனைவி பிரவீனாவும் இருக்கிற மாடி வீடு. பின்னால், மஞ்சள் மூட்டை அடுக்கக் கட்டிய அறையில், அவனைப் பெற்ற ராமாயி. தனி வாசல், தனி அடுப்பு, ஆகவே தனிக் குடியிருப்பு என்று பேரூராட்சியிலிருந்து அளக்க வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். வரி எகிறிவிட்டது.

"பெத்த தாயி இருக்கற ரூமுக்குத் தனி வரியாமா! நாங்கெல்லாம் ஒரே குடும்பமுங்க!" என்று மருதாசலம் மஞ்சள் மண்டியில் நின்று குதித்தான்.

ஒரே குடும்பமாம்! மகனுக்குக் கல்யாணமானால் பெற்றவர்கள் தனியாகப் பொங்கித் தின்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான், யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் மற்ற வீடுகளில் கறி எடுத்த நாளிலாவது ஒரு கிண்ணம் பின்வாசலுக்குப் போகும். ராமாயிக்கு வாசம் மட்டும்தான் வந்தது. அதற்கு வரி போடவில்லை, நல்லவேளை.

மேல்முறையீட்டில் "ஒரே சமையல், ஒரே குடும்பம்" என்று எழுதிக் கொடுத்தான். நேரில் வந்து பார்ப்போம் என்றார்கள். அன்று சாயந்திரமே பிரவீனா ராமாயியின் கேஸ் அடுப்பைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள்.

"அத்தை, ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் நம்மூட்லயே சாப்புட்டுக்குங்க."

நம்மூடு! அந்த ஒரு சொல்லுக்கே ராமாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளைக்கு வருகிறேன் என்ற ஆபீசர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மருதாசலம் பல்லைக் கடித்தான். ராமாயியோ அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சுடுசோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். சின்னதில் செய்தமாதிரியே மகன் இப்போதும் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின்மேல் தூவிக்கொண்டுதான் சாப்பிடுகிறான். ஒரே மதிலுக்குள் இருந்துகொண்டு எத்தனை வருஷமாக இதைப் பார்க்காமல் கிடந்தோம் என்று எண்ணிக்கொண்டே தன் அப்பளத்தையும் அவன் தட்டில் வைத்தாள். 'மாரியாத்தா, அந்த ஆபீசரு நல்லா இருக்கட்டும். ஆனா இந்தப் பக்கம் மட்டும் வந்துராம பண்ணு தாயே' என்று வேண்டிக்கொண்டாள்.

மாரியாத்தாளுக்கு ஆயிரம் வேலை. ஆபீசர் நவநீதகிருஷ்ணன் வந்தே விட்டார். பின்னறையை எட்டிப் பார்த்தார். அடுப்பிருந்த இடத்தின் எண்ணெய்ப் பிசுக்கை மறைத்து பிரவீனா காலண்டர் மாட்டியிருந்தாள்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குச் சாப்பாடெல்லாம் எங்கீங்க?"

மருதாசலம் அம்மாவின் வாயையே பார்த்தான். உள்ளதைச் சொன்னால் அவன் தோற்பான், அடுப்பு கீழே இறங்கும். பொய் சொன்னால் ஜெயிப்பான், அப்போதும் அடுப்பு இறங்கும். ராமாயிக்கு இது விளங்காமல் இல்லை.

"எம்மகனூட்லதானுங்க. ஒரு வாய் கொறச்சுத் தின்னாக்கூட எம்மருமக உடமாட்டாளுங்க."

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரே குடும்பம்தான் என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு வீட்டில் நாட்டுக்கோழி அடித்தார்கள். குழம்பு கொதிக்கும்போதே மருதாசலம் பரணிலிருந்த அடுப்பை இறக்கிப் பின்னறைக்குக் கொண்டுவந்தான். சிலிண்டரை மாட்டி, சோப்பு நுரை தடவி, கசிகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தான். தாய்மேல் அத்தனை அக்கறை!

"இனி தொந்தரவில்லம்மா. உன்ற சௌரியம்போலப் பொங்கிக்கோ."

ராமாயி வாய்விட்டு நாலு கேட்டிருக்கலாம், கேட்டிருக்கவும் வேண்டும். ஆனால் அடுப்பை முந்தானையால் துடைத்தாள்.

"மறுக்கா எப்ப சாமி வரி ஏத்துவாங்க?"

"இன்னும் நாலஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கமே வரமாட்டாங்கம்மா, நீ பயப்படாத" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போனான்.