வல்லாரை இழுத்துச்சென்ற நிழல்

1967ஆம் ஆண்டு ஆவணியில், பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிறுத்தத்தில், மரமோ கூரையோ இல்லாமல் எட்டு முழ நீளத்துக்கு நிழல் விழுந்தது. அது குல்ஷனின் கொல்லையிலிருந்து வந்தது.

குல்ஷனின் கணவர் நூர் பாஷா பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். அவர் இருந்தவரை வாசலில் பித்தளைக் குண்டான்களோடு பெண்கள் காத்திருந்தார்கள். அவர் இறந்த மறுமாதமே வாசல் ஓய்ந்துவிட்டது. கொல்லைப் புளியமரத்தடியில் எதுவும் முளைக்காது என்று ஊரே சொன்ன இடத்தில் குல்ஷன் ஒரு பிடி வல்லாரையை ஊன்றி, ஐந்து வேளையும் தொழுகைக்காகக் கைகால் கழுவிய தண்ணீரை அதற்கே விட்டாள். பிள்ளைகளின் ஞாபகசக்திக்கென்று யாராவது கீரை கேட்டு வருவார்கள் என்பது அவள் நினைப்பு.

வந்தார்கள். பரீட்சை மாதங்களில் கதவைச் சாத்த நேரமிருக்காது. "என்ன உரம் போடறீங்கக்கா? எங்க வூட்டுக் குப்பமேட்டுலகூட இப்படி வராது" என்பாள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள்.

வல்லாரைக்கு நிழல் வேண்டும். நிழல் இல்லாத இடங்களுக்கு அது தன் நிழலையும் இழுத்துக்கொண்டு போனது. கண்ணம்மாளின் கொல்லை, பள்ளிக்கூடச் சுவர், பேருந்து நிறுத்தம் என்று கணுவுக்குக் கணு வேர்விட்டு இரண்டே வருடத்தில் ஊரைச் சுற்றிவிட்டது. நிலக்கடலை காயப்போடுகிறவர்கள் மட்டும் வெயில் தேடி முணுமுணுத்தபடி பாறைக்குப் போனார்கள். மொரப்பூர் போகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து, மடி நிறையக் கீரை பறித்தபடி பேருந்துக்குக் காத்திருந்தார்கள். குல்ஷனின் கதவை யாரும் தட்டவில்லை.

ஒரு நாள் அவள் அரிவாளோடு போய், வேலி தாண்டிய கொடிகளையெல்லாம் அறுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அவை முன்னைவிட அடர்ந்துவிட்டன.

"ஊரே உங்களை வாழ்த்துது, நீங்க என்னடான்னா அறுக்கறீங்களே!" என்றார் பஸ் கண்டக்டர் தீர்த்தகிரி. வாழ்த்துகிறவர்கள் வீட்டுக்கு வரட்டுமே என்று நினைத்தபடி அவள் அரிவாளோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

வேகமாகப் படரும் செடி நடுவில்தான் முதலில் பட்டுப்போகும். 1973 கோடையில் புளியமரத்தடி வல்லாரை காய்ந்தது. மரம் நின்றபடி நிற்க, அதன் நிழலும் கொடிகளோடு வெளியேறிவிட்டது. கொல்லை முழுக்க வெயில். குல்ஷன் நான்கு நாள் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணம்மாளின் கதவைத் தட்டினாள்.

"ஒரு பிடி வல்லாரை கெடைக்குமா, கண்ணம்மா?"

"உங்களுதை எங்கிட்டயே கேக்கறீங்களா? நல்லா இருக்குது நாயம்! உள்ள வாங்கக்கா."

குல்ஷன் இலை இலையாகப் பறித்தாள். மதியம்வரை ஆனது. கண்ணம்மாள் மருமகளைப் பற்றிய புகார்கள் அனைத்தையும் சொல்லி முடித்துவிட்டு, "வேரோட புடுங்கித் தரட்டுங்களா? வூட்டுலயே வெச்சிக்குங்க" என்றாள்.

"வேணாம்" என்றாள் குல்ஷன். "நாளைக்கு வரேன்."

சித்திரை வெயில் வேலிக்கு வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது. இருவரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் மரம் ஒன்றும் இல்லை.