மல்லாந்தால் நிற்கும் கடிகாரம்

குப்புறப் போட்டால் ஓடியது. செங்குத்தாகப் பிடித்தாலும் ஓடியது. மல்லாக்கப் போட்டால் மட்டும் நின்றது. ஒன்பது நாளாக இதே கூத்து.

ஓதெத் ரோசெலேவுக்கு வயது அறுபத்து மூன்று. சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோன் நகரத்தில், மத்தீல் கம்பெனியின் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் மேஜையில் நாற்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை பட்டால் ஓடாத கடிகாரம் கிடையாது என்று ஊரில் பேச்சு. இந்த வெள்ளிப் பாக்கெட் கடிகாரம் அந்தப் பேச்சைச் சந்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. மூன்று முறை பிரித்து, கழுவி, மாட்டிவிட்டாள். எண்ணெய் சரி, பல்சக்கரங்கள் சரி, துடிப்பைத் தரும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங் சுருளும் சரி. முகம் வானத்தைப் பார்த்தால் மட்டும் அது மூச்சை அடக்கிக்கொண்டது.

"நீயும் அதுவும் ஒண்ணுதான்," என்றான் பக்கத்து மேஜை இவோ. "வெள்ளி மூடியைத் திறந்தா நீயும்தான் மூச்சை அடக்கிக்கிற. இருபது வருஷமா பாக்கறேன். என்னிக்காவது நீலம் பாரிச்சு விழப்போற."

"உன் வாய்ப் பூண்டு நாத்தத்துக்குப் பயந்துதான்," என்றாள் ஓதெத்.

வாய்தான் சொன்னது. இவோ விளையாட்டாகச் சொன்னது அத்தனையும் நிஜம்.

மத்தீல் என்ற பெயரை உலகம் அறிந்ததே இந்தக் கடிகாரத்தால்தான். அதற்கு முன்பு அந்தத் தெருவிலிருந்த நாற்பது பட்டறைகளில் அதுவும் ஒன்று. 1911 இல் நேரத் துல்லியப் போட்டிக்கு இதை அனுப்பினார்கள். முதல் பரிசு. சான்றிதழில், நேரம் பிசகாமல் ஓடும்படி சீர்செய்தவர் எமீல் மத்தீல் என்று இருந்தது. அன்றிலிருந்து கப்பல் முதலாளிகளும் இளவரசர்களும் வரிசையில் நின்றார்கள். இன்றும் கம்பெனியின் ஒவ்வொரு பெட்டி மூடியிலும் 'எமீலின் கை' என்று பொன் எழுத்தில் அச்சடிக்கிறார்கள்.

இடையில் கைமாறிப் போயிருந்த கடிகாரத்தை எமீலின் கொள்ளுப்பேரன் காஸ்பார் ஏலத்தில் மீட்டுக்கொண்டு வந்திருந்தார். மார்ச் முதல் தேதி, மாநிலத்துக்கே விடுமுறை நாள். காலை பதினொன்றுக்கு அருங்காட்சியகத் திறப்பு விழா. வெல்வெட் மெத்தையில் கடிகாரம் மல்லாந்து கிடக்க வேண்டும். அடியில் வைத்த மைக்கில் அதன் துடிப்பு கூடம் முழுக்கக் கேட்க வேண்டும். அதே கூடத்தில் ஓதெத்தின் பழைய மேஜைக்கும் இடம் ஒதுக்கி, அவள் பெயரைப் பித்தளையில் பொறித்து வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் அவளுக்கு ஓய்வு. பிள்ளைகுட்டி இல்லாதவள். அந்தப் பித்தளைத் தகடு ஒன்றுதான் அவளுக்குப் பின்னால் மிஞ்சப்போவது.

அந்தத் தகட்டைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடிகாரத்தைத் திறந்தவர் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தன் குறியையும் தேதியையும் கீறிவிட்டு மூடுவார். அடுத்தவர் குறியை யாரும் அழிக்க மாட்டார்கள். 1984 இல், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், காஸ்பாரின் அப்பா இந்த மூடியை அவளிடம் நீட்டி, "உள்ள கீறலா இருக்கு, பளபளன்னு தேச்சுக் குடு" என்றார். விற்கப் போகிறார்களாம். ஆறு பழுதுகாரர்களின் குறிகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் மேலே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. 'சீர்செய்தது நான், எமீல் அல்ல. ஸெலி நிகோலே.'

ஓதெத் படித்தாள். படித்துவிட்டுத்தான் தேய்த்தாள். ஊரில் பாதிப் பட்டறைகள் பூட்டிக் கிடந்த வருடம் அது. வேலை போய்விடுமோ என்ற பயம். முடித்ததும், எல்லோரும் செய்வதுபோலப் பளபளப்பைச் சோதிக்க மூடியின் மேல் ஊதினாள். மூச்சின் ஆவி படர்ந்த வெள்ளியில் அந்த வரி அப்படியே எழுந்து நின்றது. ஆவி கலைந்தது, வரியும் மறைந்தது. மறுபடி தேய்த்தாள், ஊதினாள். மறுபடி எழுந்தது. மூன்றாம் முறை தேய்த்துவிட்டு ஊதாமலே கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்த வெள்ளியின் மேலும் அவள் மூச்சு விட்டதில்லை.

பிற்பாடு கம்பெனியின் பழைய பேரேட்டில் தேடிப் பார்த்தாள். ஸெலி நிகோலே, வீட்டிலிருந்து ஹேர்ஸ்பிரிங் சீர்செய்பவள், 1912 இல் நீக்கம். அவ்வளவுதான் இருந்தது.

விழா அன்று காலை பத்தரை மணிக்குக் காஸ்பார் மூச்சிரைக்க வந்தார். "என்ன மதாம், ஓடுதா?"

"மல்லாக்க வெச்சா ஓடல. காரணம் எனக்குத் தெரியும். உங்க அப்பா என்கிட்ட ஒரு வேலை குடுத்தாரு..."

"அப்பா கதையெல்லாம் அப்புறம் விருந்துல சாஸேஜ் சாப்பிடும்போது பேசலாம். இப்ப கையை வெச்சுப் பாருங்க."

அவள் மெத்தையில் மல்லாக்க வைத்தாள். ஓடியது. நின்றுவிடும் என்று காத்திருந்தார்கள். நிற்கவில்லை.

"பாத்தீங்களா, உங்க கை ராசியே ராசி," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார் காஸ்பார். இது ஓதெத்தின் கை செய்த வேலை இல்லை. அவள் செய்தது, சொல்ல வாயைத் திறந்தது மட்டும்தான்.

கூடத்தில் இருநூறு பேர். ஒலிபெருக்கியில் கடிகாரம் நிறுத்தாமல் துடித்தது. காஸ்பார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கடிகாரத்தை எங்க கொள்ளுத்தாத்தா எமீல் மத்தீல் தன் ரெண்டு கையால சீர்செஞ்சு..."

துடிப்பு நின்றது.

மைக் கெட்டுவிட்டது என்று ஒருவன் ஓடினான். மைக் நன்றாக இருந்தது. இவோ ஓதெத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்து, தன் பெயர் பொறித்த மேஜையைத் தாண்டி மேடைக்குப் போனாள். கடிகாரத்தை எடுத்துப் பின்மூடியைக் கழற்றிக்கொண்டு, மூடியில்லாத கடிகாரத்தை மெத்தையில் மல்லாக்கவே திரும்ப வைத்தாள்.

"இதுமேல ஊதுங்க," என்று மூடியைக் காஸ்பாரிடம் நீட்டினாள்.

"என்ன விளையாட்டு இது?"

"கண்ணாடி துடைக்க ஊதுவோமில்ல, அப்படி. ஊதிட்டு வாசிங்க."

இருநூறு பேர் பார்க்கையில் என்ன செய்வார், ஊதினார். "சீர்செய்தது நான், எமீல்..." என்று வாசித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆவி கலைந்தது. "ஒண்ணுமில்ல. அழிஞ்சிருக்கு," என்றார்.

"அழிச்சது நான்," என்றாள் ஓதெத் மைக்கைப் பார்த்து. "எண்பத்து நாலுல, இந்தக் கையால. படிச்சுட்டுத்தான் அழிச்சேன். இந்தக் கைக்குத்தான் அங்க தகடு அடிச்சு வெச்சிருக்கீங்க. அதைக் கழட்டிடுங்க."

"போதும் மதாம். உக்காருங்க."

அவள் மூடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நாற்பத்தொரு வருடமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அந்த வெள்ளியின் மேல் விட்டாள். வரி முழுதாக எழுந்து நின்றது.

"ஸெலி நிகோலே," என்று வாசித்தாள்.

மல்லாந்து கிடந்த கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"மைக்கை நிறுத்துங்கப்பா," என்றார் காஸ்பார். ஒருவன் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் கடைசி வரிசை வரை அது கேட்டுக்கொண்டிருந்தது.