பனி கழுவும் இன்ஜின்

கவுஞ்சிக்கு மேலே, ஜெயச்சந்திரனின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில், வெளிச்சம் வருமுன்பே பதினோரு பேர் குழாய் சுமந்துகொண்டிருந்தார்கள். கார்த்திகை பிறந்து நாலு நாள். மழை ஓய்ந்ததும் பனி இறங்கிவிடும். இலைமேல் வெள்ளையாகப் படியும் பனியை, வெயில் தொடுவதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். தவறினால் மதியத்துக்குள் செடி கருகித் தொங்கும். அதற்காகத்தான் ஆண்டுதோறும் இந்த வேலை. கொட்டகையில் கிடக்கும் குழாய்களைத் தூக்கிப்போய் அடுக்கடுக்கான வயல்களில் பூட்ட வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் மூக்குகளில் அடைத்த சேற்றை விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். கடைசியாக டீசல் இன்ஜினைத் துடைத்து, பெல்ட் மாட்டிப் பம்போடு இணைக்க வேண்டும்.

ஈர இரும்பு பட்டு முருகம்மாளின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. இன்ஜின் ஓட்டும் வேல்ராஜ் கையில் துணியோடு வெகுநேரமாக அப்படியே நின்றான். தொட மனம் வரவில்லை. அவள் துணியை வாங்கிக்கொண்டு தானே துடைக்க உட்கார்ந்தாள். சக்கரத்தின் பள்ளத்தில் விரலை விட்டு வழித்தபோது கறுத்த எண்ணெய்ப் பசையோடு நூல் வந்தது. மண்ணெண்ணெயில் அலசினாள். அரக்குச் சிவப்புக் கம்பளி.

அவள் தங்கை சுமலதாவின் சால்வை.

போன தை மாதத்து விடியல் அது. தேய்ந்த பெல்ட் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. புதிது கேட்டு ஜெயச்சந்திரனிடம் மூன்று முறை சொல்லியும் வரவில்லை. வழுக்கும் பெல்ட்டில் குங்கிலியப் பொடி தூவினால் சற்று நேரம் பிடிக்கும். அதற்கு, பெல்ட்டை மூடியிருக்கும் கம்பிக் கூடு இடைஞ்சல். வேல்ராஜ் கூட்டைக் கழற்றினான். பொடி தூவக் குனிந்தாள் சுமலதா. குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையின் முனையைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. கழுத்தோடு.

‘கவனக்குறைவாகக் கிட்டப் போய் இறந்தாள்’ என்று ஸ்டேஷனில் எழுதிய தாளில் முருகம்மாளும் கையெழுத்துப் போட்டாள். குடியிருக்கும் லயம், தோட்டத்து வரிசை வீடு, ஜெயச்சந்திரனுடையது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் அப்பா மூட்டையோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த ஓர் அறைதான் வீடு. கூடு மாட்டியிருந்ததா என்று போலீஸ்காரர் கேட்டபோது வேல்ராஜ் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“கூடு எங்க, வேலு?” துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள் முருகம்மாள்.

“கொட்டகைல நசுங்கிக் கெடக்குக்கா. மாட்ட ஏலாது.”

“பெல்ட்டு?”

“அதே பழசுதான்.”

“தொரைக்குப் புது ஜீப்பு மலையேறி வருது. பெல்ட்டுக்குத்தான் வழி தெரியல போல” என்றான் குழாய் சுமந்து வந்த சின்னக்கருப்பன்.

அந்த ஜீப்பே வந்து நின்றது. ஜெயச்சந்திரன் இறங்கினார்.

“என்ன, மாநாடா? வெரசா பூட்டுங்க. வானம் வெறிச்சுக் கெடக்கு, ராத்திரியே பனி எறங்கிரும்.”

“புது பெல்ட்டும் கூடும் வராம இன்ஜின் ஓடாதுங்க” என்றாள் முருகம்மாள்.

“ஏன், போன வருசம் ஓடலையா?”

“ஓடுச்சுங்க. என் தங்கச்சியச் சுத்திக்கிட்டு ஓடுச்சு.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார். “கூட்டைக் கழட்டுனது யாரும்மா? நான் வாயத் தொறந்தா வேல்ராஜ் உள்ள போயிருவான். அவனுக்காகத்தான் பேசாம இருக்கேன்.”

வேல்ராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “நாந்தான் கழட்டுனேன்” என்றான்.

“கழட்டச் சொன்னது நானு” என்றாள் முருகம்மாள். “குங்கிலியம் எங்க வீட்டுலேருந்து நான் கொண்டாந்தது. அவ கைல குடுத்ததும் நான்தான். பத்து மாசமா முழுங்கிக்கிட்டுத் திரியிறேன்.”

மழைக்கோட்டு போட்ட மகாதேவி தோளிலிருந்த குழாயை இறக்கிவிட்டு முன்னால் வந்தாள். “டார்ச் அடிச்சுக் காட்டுனது நானு.”

“கூட்டைத் தூக்கி ஓரமா வச்சது நானு” என்றான் சின்னக்கருப்பன். “பெல்ட்டு வாங்காம விட்டது மட்டும் நாங்க இல்லைங்க.”

“லயத்தைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவீங்க?”

“தெரியலைங்க” என்றாள் முருகம்மாள். அது உண்மை. “இப்ப டவுனுக்குப் போறோம். எழுதிக் குடுத்தது பொய்னு ஸ்டேஷன்ல சொல்லணும்.”

குழாய்கள் வயலோரம் கிடந்தன. பதினோரு பேரும் சாலைக்கு ஏறினார்கள். கீழே உருளைச் செடிகள் பூத்திருந்தன. விதைக்கிழங்கை ஒவ்வொன்றாக ஊன்றியது அவள் கைதான். அவை கருகும் என்று தெரிந்தேதான் ஏறினாள்.

“அக்கா, என்னைய மட்டும் உள்ள வச்சுட்டாங்கன்னா?” என்றான் வேல்ராஜ்.

“எல்லாப் பேரையும் எழுதச் சொல்லுவோம்லே” என்றான் சின்னக்கருப்பன். “பதினோரு பேருக்கு அங்க எடம் இருக்கான்னு பாப்போம்.”

கொடைக்கானல் பஸ் பூண்டு மூட்டைகளும் ஆட்களுமாகத் திணறிக்கொண்டு வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “நாலு பேர் மட்டும் ஏறுங்க. மத்தவங்க அடுத்த வண்டில வாங்க.”

வேல்ராஜ் ஓரடி பின்னால் நகர்ந்தான். முருகம்மாள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“நீங்க போங்கண்ணே. நாங்க ஒண்ணாத்தான் வரணும்.”

பஸ் போய்விட்டது. அடுத்த வண்டி பதினொன்றரைக்குத்தான். நிற்கவும் முடியவில்லை, குளிர் காலைக் கடித்தது. யாரும் சொல்லாமலே டவுனுக்குப் போகும் சாலையில் பூம்பாறைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள், வேல்ராஜை நடுவில் விட்டு.