வாசனை இல்லாத தோட்டம்

குலாம் ரசூல் சாயபுவுடையது நவாபுகளுக்குத் தோட்டம் போட்ட குடும்பம். மயிலாப்பூர் வக்கீல் வீடுகளிலும், தியாகராய நகரில் புதிதாக எழும்பிய பங்களாக்களிலும் அவர்தான் தோட்டக்காரர். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. செடி நடுமுன், குறித்த இடங்களில் தொட்டிகளை வைத்து, மனைக்காரரின் கண்ணைக் கட்டி நடக்கவிடுவார்கள். வாசனையை வைத்தே அவர் தாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டால், கண்ணைக் கட்டிய துணியைச் சாயபுவின் தோளில் போடுவார். அந்தத் துணி தோளில் ஏறாமல் அவர்கள் எந்த மனையை விட்டும் வெளியே வந்ததில்லை.

அடையாற்றங்கரையில் பௌத்தத் தியான இல்லம் கட்ட முனைந்தவர் ரத்னா அம்மாள். ரங்கூனில் மர வியாபாரம் செய்த கணவர் காலமான பின் ஊர் திரும்பியவர். கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர், பம்பாயில் படித்த துரைராஜ்.

வாசலில் மனோரஞ்சிதம், நடைபாதையில் மல்லிகை, தங்கும் அறைகளுக்கருகே பவழமல்லி என்று சாயபுவின் தொட்டிகள் இறங்கின. ரத்னா அம்மாள் தயங்கி நின்றார்.

"பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க தங்கறவங்க பூ வைக்கமாட்டாங்க, அத்தர் பூசமாட்டாங்க. அது அவங்க விரதம். ராத்திரில மல்லி வாசனை ஜன்னல் வழியா வந்தா மனசு எப்படி அடங்கும்? வாசனை வேணாம்."

எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் சாயபுவின் முதுகு இன்னும் விறைத்தது. "அப்ப வேற ஆளைப் பாருங்கம்மா. எங்க பாட்டனார் பேருக்கு நான் பதில் சொல்லணும்."

"இன்னா பாய், உப்பில்லாத பிரியாணி கேக்குறாங்க!" என்று தொட்டி இறக்கிக்கொண்டிருந்த முருகையன் சிரித்தான்.

துரைராஜ் சிரிக்கவில்லை. இரண்டு வரைபடங்களைத் தரையில் விரித்தார். முதலாவதில் சிற்பத் தூண்கள், வளைவுகள், கலசம். அடுத்ததில் வெறும் சுவரும் தாழ்ந்த ஜன்னல்களும்.

"மொதல்ல போட்டது என் பெருமைக்கு, சாயபு. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இந்த ஜன்னல் மட்டும் நின்னுது. நின்னு பாத்தா ஆறு தெரியாது. தரையில உக்காந்தாதான் தெரியும்."

சாயபு, கட்டடத்துக்காகத் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய், மண்டபம் வரவேண்டிய இடத்தில் உட்கார்ந்தார். துரைராஜ் இரண்டு கழிகளை நட்டு ஜன்னலின் உயரத்தைக் காட்டினார். கழிகளின் நடுவே ஆறு கிடந்தது. படகுகூட நகராத வெயில் நீர். கற்ற வித்தையையெல்லாம் துடைத்துவிட்டு இந்த ஒரு துண்டு ஆற்றை மிச்சம் வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! சாயபு கண்ணை மூடினார். தலைக்குமேல் பழைய அரசமரம் சலசலத்துக்கொண்டிருந்தது.

"முருகையா, தொட்டியெல்லாம் வண்டியில ஏத்து."

"போறமா பாய்?"

"செடி போவுது. நான் இருக்கேன்."

அடுத்த முறை கொட்டிவாக்கத்திலிருந்து வண்டியில் கிளிஞ்சல் வந்தது. ஆற்றுமணல் வந்தது. அருகம்புல் பத்தைபத்தையாக வந்தது. ரத்னா அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமே கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

"காலுல கிளிஞ்சல் நெருநெருங்குது. வாசல்." சில அடி தள்ளி, "மணல். நடைபாதை." பிறகு தலையை உயர்த்தி, "அரச இலை பேசுது. மண்டபம் வந்துடுச்சு."

அதைத் தாண்டியதும் நின்றுவிட்டார். அங்கே சாயபு புல்லைத் தவிர எதையும் வைக்கவில்லை. காலிலும் காதிலும் ஒன்றும் தட்டவில்லை. பாட்டனார் பேர் இன்றோடு போயிற்று என்று சாயபு நினைத்துக்கொண்டார்.

"இங்க ஒண்ணுமே இல்லியே, பாய்" என்றார் ரத்னா அம்மாள் மெதுவாக. "அவங்க தங்கற எடம்."

கண்கட்டை அவிழ்த்து, துணியைச் சாயபுவின் தோளில் போட்டார். சாயபு அதை எடுத்து நடுவே கிழித்தார். அவர் குடும்பத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம். ஒரு பாதியைத் துரைராஜின் தோளில் போட்டுவிட்டு, பழையபடி நிமிர்ந்து நின்றார்.

"தொட்டி தூக்குன எனக்கு?" என்றான் முருகையன்.

"அந்த மல்லித் தொட்டி ஒண்ணு எடுத்துக்கோ. உன் சம்சாரம் விரதமா இருக்கு?"