தூக்கிய கை

கச்சேரி வாசலில் காவலாளி அவன் சட்டைப் பையைத் துழாவி ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"இதை வச்சு யாரைக் குத்தப் போறீங்க சார்?"

"மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். எப்பவும் பையில கிடக்கும்."

"இவரா குத்துவாரு? எறும்பு கடிச்சாக்கூடத் தட்டிவிட யோசிப்பாரு," என்றாள் மனைவி. "நீங்களே வச்சுக்கங்கண்ணே. போகும்போது வாங்கிக்கிறோம்."

காவலாளி சிரித்தார். அவனும் சிரித்தான்.

கல்யாணமாகி எட்டு வருடம். ஹெட்ஃபோனில் ஹெவி மெட்டல் பாட்டு கேட்டுக்கொண்டே அவள் சமைப்பாள், துணி மடிப்பாள். "தகரக் கடையில சண்டையா?" என்பான் அவன். கச்சேரிகளுக்கு அவள் தனியாகவே போய் வந்தாள். போன வாரம் இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ஒரு தடவை வந்து பாருங்க. நான் அங்க எப்படி இருப்பேன்னு உங்களுக்குத் தெரியணும். பிடிக்கலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்."

பழைய கிடங்கு ஒன்றில் மதியக் கச்சேரி. டிரம்ஸ் அவனுக்குக் காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது. மேடைக்கு முன்னால் கூட்டம் விலகி வட்டமாயிற்று. ஆட்கள் அதற்குள் ஓடி, தோளால் ஒருவரையொருவர் இடித்தார்கள். உள்ளே போகும் முன் மனைவி அவன் காதில் கத்தினாள்:

"இடிப்போம், விழுவோம். சண்டை இல்ல. நீங்க இங்கயே நில்லுங்க!"

நின்றான். அவளை அப்படி அவன் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தபடி, தன்னைப்போல் இரண்டு மடங்கு ஆட்கள்மேல் போய் மோதினாள். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவளைக் காணவில்லை. தேடினான். கால்களுக்கு நடுவே தரையில் மண்டியிட்டிருந்தாள். தாடிக்காரன் ஒருவன் ஒரு கையால் அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்தான். மறு கை அவள் தலைக்கு மேல் ஓங்கியிருந்தது.

அவன் உள்ளே பாய்ந்து தாடிக்காரனின் வாயில் குத்தினான்.

வட்டம் நின்றது. மேடையில் பாடகன் கையைக் காட்டினான். பாட்டும் நின்றது.

தாடிக்காரன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, தன் கையிலிருந்து விழுந்ததைக் குனிந்து பொறுக்கினான். மனைவியின் கண்ணாடி. கணவனே தன் கடையில் பொருத்திக் கொடுத்தது. மூக்கில் உட்காரும் இடத்தில் இரண்டாகியிருந்தது.

"அக்காவோட கண்ணாடி விழுந்துடுச்சு சார். இவங்களை யாரும் மிதிச்சிடக் கூடாதேன்னு மறைச்சு நின்னேன். கீழ ஏதாவது கிடைச்சா இப்படித்தான் எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டுவோம்."

"யாருய்யா இந்த ஆளு?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

மனைவி எழுந்தாள். கண்ணைச் சுருக்கிக் கணவன் நின்ற பக்கம் பார்த்தாள். அவள் பவர் மைனஸ் ஆறு. இந்தத் தூரத்தில் தன் முகம் அவளுக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதை நினைத்துக் கூசியது.

"என் வீட்டுக்காரர்," என்றாள்.

"மன்னிச்சிடுங்க தம்பி," என்றான் கணவன்.

"பரவால்ல சார். முதல் தடவையா?" தாடிக்காரன் பல்லில் ரத்தத்தோடு சிரித்தான். அவன் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது இவனுக்கு.

பாட்டு மறுபடி தொடங்கியது. வட்டமும் கூடியது. அவள் உள்ளே போகவில்லை. கணவன் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு, மேடை இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றாள். முடியும்வரை அப்படியே நின்றாள். அவ்வளவு நெரிசலில் அவர்கள் இருவரைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருந்தது.

வெளியே இன்னும் வெயில். காவலாளி ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

"இந்தாங்க சார். எறும்பு ஏதும் கடிக்கலையே?"

வாங்கிப் பையில் போட்டான். உடைந்த கண்ணாடிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சாலையைக் கடக்கும்போது அவள் அவனுடைய சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையைப் பிடிக்கவில்லை.

"அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தான்.

"பஸ் வருது போல," என்றாள். "நம்பர் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தான். அவர்கள் பஸ் இல்லை.