இரண்டாம் வரிசையில் நிற்காத குடும்பம்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பின்னால் நிற்க மாட்டார்கள். ஒரே கூரையின் கீழ் இருபத்தேழு பேர் இருக்கிறோம். குடும்பப் படம் எடுக்க மொட்டைமாடியில் கூடியபோது, உயரமானவர்கள் பின்னால் போகலாமே என்று அக்கா பணிவாகச் சொல்லிப் பார்த்தாள். "உயரமா வளர்ந்தது என் தப்பா?" என்றார் வாயாடிச் சித்தப்பா. குள்ளமானவர்கள் முன்னால் உட்காரலாமே என்றாள். அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அக்கா யோசனை எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் இருபத்தேழு பேரும் ஒரே வரிசையில் நின்றோம். வரிசைக்கு ஒரு முனையில் பெரியப்பா, மறுமுனையில் அத்தையின் கணவரான மாமா. நாலைந்து வருடங்களுக்கு முன் பெரியப்பாவின் ஏணியை மாமா இரவல் வாங்கினார். திரும்பி வந்த ஏணியில் ஒரு படி இல்லை. வாங்கும்போதே இல்லை என்பது மாமாவின் கட்சி. அன்றிலிருந்து இருவரும் ஒரே வீட்டில், ஒருவரையொருவர் வெளியூர் போயிருப்பதாகப் பாவித்து வாழ்கிறார்கள்.

அக்கா எல்லோரையும் அரைவட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவில் முக்காலியில் கேமராவைப் பொருத்தி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் துண்டு துண்டாக எடுத்தாள். அவள் நிற்கிற துண்டை நான் எடுத்தேன், நான் நிற்கிற துண்டை அவள். பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒட்டினாள். பனோரமா அருமையாக வந்தது. முகம் எல்லாம் ஒரே அளவு, ஒருவர் கண்ணும் மூடவில்லை. ஒரே சிக்கல், உயரத்தைப் போல ஏழு மடங்கு நீளம். பார்த்தால் படம் மாதிரி இல்லை, ரிப்பன் மாதிரி இருந்தது.

அக்காவுக்குக் கடைத்தெருவில் படம் அச்சடிக்கும் கடை. படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகாமல், இரண்டடி அகலச் சுருள் தாள் ஓடுகிற பிரிண்டரை வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பாவுக்கு அது கடையே இல்லை. தன் நண்பரின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் அவளுக்கு ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார். விண்ணப்பத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். பிரிண்டர் மேசையின் ஒரு கால் கொஞ்சம் குட்டை. விண்ணப்பத்தை நான்காக மடித்து வைத்ததும் சரியாக இருந்தது.

படத்தைக் கணினியில் பார்த்த அன்று பெரியப்பா ஹாலில் எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்பு சொன்னார்.

"நீ தொழில்காரிதானே? இந்தப் படத்தைப் பெரிசா போட்டு ஹால்ல வை. ஞாயித்துக்கிழமை எல்லாரும் பார்க்கட்டும். நம்ம வீட்ல ஒருத்தர்கூட குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு குறை வந்தாலும், ஷட்டரை இறக்கிட்டு மறுநாளே வேலைல சேர்ற."

"யாருமே குறை சொல்லலன்னா?"

"கணக்குப் பிரிவைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

"சரி பெரியப்பா," என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் தண்ணீரைக்கூட யாரும் குறை சொல்லாமல் குடித்ததில்லை.

மறுநாள் கடைக்குப் போனபோது மேசைமேல் ஒரு ஃப்ரேம் கிடந்தது. மூன்றடி நீளம், இரண்டடி உயரம். பெரியப்பா வாங்கி அனுப்பியிருந்தார். சட்டையைத் தைத்துவிட்டுப் பிள்ளை பெறுகிற ஏற்பாடு.

"முழு நீளத்தையும் இதுக்குள்ள கொண்டுவா," என்றேன்.

அக்கா திரையில் செய்து காட்டினாள். நடுவில் ஐந்து அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை, மேலும் கீழும் வெள்ளை. பட்டாணி பட்டாணியாகத் தலைகள்.

"அப்ப உயரம் முழுசா ரொம்பற மாதிரி?"

செய்தாள். ஆறு பேர் மட்டும் மிஞ்சினார்கள். குடும்பமே அப்படி இருந்திருந்தால் நிம்மதி என்று இருவருக்கும் தோன்றியது.

"பக்கவாட்டுல நசுக்கிடு."

நசுக்கினாள். இருபத்தேழு குடைக்கம்பிகள் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

"சித்திக்கு மட்டும் பிடிக்கும்டா," என்றாள். "மாவு, எண்ணெய் எல்லாத்தையும் நிறுத்தி ஒரு வருஷமா பாடுபடறாங்க. நான் ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டேன்."

"மூணா வெட்டி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வை."

"கீழ யாரை வைக்கட்டும்?"

இரண்டாம் வரிசைக்கே ஒத்துக்கொள்ளாத ஜனங்களை மூன்றாம் வரிசைக்கு இறக்குவதைவிடக் கணக்குப் பிரிவு எவ்வளவோ மேல்.

அக்கா ஃப்ரேமைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சோதனைக்காக முழுப்படத்தையும் ஏழடி நீளம், ஓரடி உயரத்துக்குச் சாதாரணத் தாளில் அச்சடித்தாள். பிரிண்டரிலிருந்து குடும்பம் ஒவ்வொருவராக இறங்கி வந்தது. முதலில் பெரியப்பா, கடைசியில் மாமா. வாழ்க்கையிலும் சாப்பாட்டு மேசைக்கு அப்படித்தான் வருவார்கள்.

"இதையே அப்படியே சுவத்துல ஒட்டிடலாமே," என்றேன்.

"ஒட்டலாம். நடுவுல யாருன்னு பாரு."

பார்த்தேன். மிகச் சரியாக நடுவில், பற்கள் அத்தனையும் தெரிய, வாயாடிச் சித்தப்பா.

"வீட்டுக்கு மூத்தவரு மூலைல, சித்தப்பா நடுவுல. முதல் குறையே பெரியப்பாகிட்டேர்ந்துதான் வரும்," என்றாள். "நேரா ஒட்டினா ஓரம்னு ஒண்ணு இருக்கும். ஓரம்னு ஒண்ணு இருந்தா, அதுல யாராவது நின்னே ஆகணும்."

சொல்லிவிட்டுத் தாளைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். சுருளிலிருந்து வந்த தாளுக்குச் சுருளுக்கே திரும்பிப் போகிற புத்தி உண்டு. இரண்டு முனைகளும் எழுந்து வளைந்து, மெதுவாக வந்து ஒன்றையொன்று தொட்டன. பெரியப்பாவின் தோளில் மாமாவின் தோள் உரசி நின்றது.

அக்கா அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டேய். நம்ம ஹால் தூண் எவ்வளவு பருமன்?"

எங்கள் ஹாலுக்கு நடுவில் ஒரு உருண்டைத் தூண் உண்டு. கட்டியவர் மேலே ஏதோ அரண்மனைக்குத் திட்டம் போட்டு, பிறகு மனம் மாறியிருக்க வேண்டும். ஒரு ஆள் இரண்டு கையாலும் அணைத்தால் மிச்சம் இருக்கும். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் டிவியில் பாதியை அது மறைக்கும். கதாநாயகன் யாரை அடித்தான் என்பது எங்கள் வீட்டில் எப்போதும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

அளவெடுக்கும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தாள். தையல்காரர் எனக்கு இடுப்பளவு எடுக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு எடுப்பார். நானும் அதே மரியாதையைத் தூணுக்குச் செய்தேன். தூணுக்கு மூச்சு விட வேண்டிய தேவையில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு காலை. மொத்தக் குடும்பமும் ஹாலில். பின்பக்கம் பசையுள்ள உயர்ந்த தாளில் அச்சடித்த சுருளை அக்கா கொண்டுவந்தாள். பசையை மூடிய தோலை உரிக்காமல், முதலில் சும்மா சுற்றிப் பார்த்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுமுனையோடு தூணைச் சுற்றி வந்தாள்.

முனைகள் சந்தித்தன. சந்தித்ததோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஒன்றரை அங்குலம். மாமாவின் முனை மேலே இருந்தது. பெரியப்பாவில் பாதி காணாமல் போயிருந்தார்.

"விரல் விட்டு அளந்தியா?" என்றாள் அக்கா, உதடு அசையாமல்.

"ரெண்டே ரெண்டு," என்றேன்.

பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒண்ணும் ஆகல. ஓரத்துல ஒன்றரை அங்குலம் வெட்டிடு."

"எந்த ஓரத்துல பெரியப்பா?"

"இந்த ஓரத்துல," என்று மாமாவின் பக்கம் கையை நீட்டினார், பார்க்காமல்.

மாமா அத்தையிடம் சொன்னார்: "வெட்டணும்னா அந்தப் பக்கம் வெட்டச் சொல்லு. அங்க சதை நிறைய இருக்கு."

"இது குறையா?" என்று சித்தப்பா உற்சாகமாகக் கேட்டார். "இது குறைக் கணக்குல சேருமா?"

கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவின் கையில் கத்தி இருந்தது. எந்தப் பக்கம் வைத்தாலும் யாரோ ஒருவர் அரை ஆள்.

அவள் கத்தியை மூடினாள்.

"யாரையும் வெட்டப் போறதில்ல," என்றாள். "ஒருத்தர் தோளை வெட்டறதுக்குப் பதிலா எல்லாரும் துளித்துளி இளைச்சுடலாம். ஒன்றரை அங்குலத்தை இருபத்தேழு பேரும் பங்கு போட்டுக்கிட்டா, ஆளுக்கு ஒரு நூல் அளவுகூட வராது. உயரமும் அதே கணக்குல குறையும், அதனால யாரும் குடைக்கம்பி ஆக மாட்டீங்க. கடைக்குப் போய் வேற அச்சடிச்சிட்டு வரேன். சாப்பிட்டு முடிங்க."

இளைக்கலாம் என்றதும் சித்தி முதல் ஆளாகக் கை தூக்கினார்.

இந்தமுறை தூணை அக்காவே அளந்தாள், விரல் எதுவும் விடாமல். கடையில் கணினித் திரையின் அளவுப் பெட்டியில் புது எண்ணைத் தட்டினாள். நீளம் மாறியதும் உயரம் தானாக மாறியது. பிரிண்டர் ஓடத் தொடங்கியது. நான் மேசைக்காலைப் பார்த்தேன். விண்ணப்பம் தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தோம். மறுபடி சும்மா சுற்றிப் பார்த்தாள், பொருந்தியது. தோலை உரித்து, துணியால் தேய்த்துத் தேய்த்து, கண் மட்டத்தில் ஒட்டிக்கொண்டே வந்தாள். முனைகள் ஏறவுமில்லை, விலகவுமில்லை. அந்த இணைப்பைச் சமையலறை வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். பெரியப்பா ஒரு நாளில் அதிகம் நிற்பது அங்கேதான், காபி கேட்டு.

பரிசோதனை தொடங்கியது. இருபத்தேழு பேரும் தூணைச் சுற்றி நகர்ந்தார்கள். அவரவர் முகம் வந்ததும் நின்றார்கள். நின்ற இடத்தில் தன் முகத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் பேர், அந்தப் பக்கம் கொஞ்சம் பேர். யார் நின்று பார்த்தாலும் அவரே நடுவில்.

"நான் நடுவுல இருக்கேன்!" என்றார் அத்தை.

"இல்லையே, நான்தான்," என்று தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல்.

இருவரும் சொன்னது உண்மை. எங்கள் குடும்ப வரலாற்றில் ஒரு வாதத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. சித்தப்பா குறை தேடி இரண்டு சுற்று சுற்றி, மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாகப் பெரியப்பா. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அலுவலகத்தில் கோப்பு பார்த்த காலத்தின் வேகத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தார். சமையலறைப் பக்கம் வந்ததும் நின்றார். இணைப்பைத் தேடி நகத்தால் வருடினார். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. அவருடைய தோள் முழுசாக இருந்தது. அதற்கு அடுத்து, நடுவில் ஒரு மயிரிழைகூட இல்லாமல், மாமாவின் தோள்.

அதே நேரத்தில் மாமாவும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி அங்கே வந்து நின்றார். படத்தில் எப்படியோ, நேரிலும் அப்படியே.

பெரியப்பா படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்."

நாலைந்து வருடத்தில் நேராகப் பேசிய முதல் வாக்கியம். அத்தை என் கையைப் பிடித்து நசுக்கினார்.

"தள்ளித்தான் நின்னேன் மச்சான்," என்றார் மாமா. "அதுக்கு மேல தள்ளினா மாடியிலேர்ந்து விழுந்திருப்பேன். உங்க பொண்ணுதான் இழுத்துட்டு வந்துட்டா."

அக்கா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பெரியப்பா, இது குறையா?"

பெரியப்பா மறுபடி படத்தைப் பார்த்தார். தன் முகம், மாமாவின் முகம், மறுபடி தன் முகம்.

"குறைன்னு யாரு சொன்னது? நான் சொன்னேனா?" என்று ஹாலையே மிரட்டினார். "ஒட்டினதே தெரியல. நகம் தடுக்கல. வந்து பாருங்க எல்லாரும். இது எங்க பொண்ணு கடைல போட்டது."

ஹால் வெடித்தது. சித்தப்பா விசிலடித்தார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் காது வரை சிவந்திருந்தாள். நான் அவளைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னைத் தூக்கிவிட்டாள்.

கணக்குப் பிரிவு நாற்காலியில் இப்போது யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், நல்லா இருக்கட்டும். எங்கள் வீட்டு நாற்காலிகள்தான் இடம் மாறிவிட்டன. எல்லாம் தூணைப் பார்த்து வட்டமாக, அவரவர் முகத்துக்கு நேராக. டிவி மூலையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பெரியப்பா கடைக்கு வந்தார். தன் பழைய அலுவலகத்தின் பிரிவுபசாரப் படத்தை நீட்டி, பெரிதாக்கித் தரச் சொன்னார். அதில் அவர் இரண்டாம் வரிசையில் நின்றிருந்தார்.

"முதல் வரிசையை வெட்டிட முடியுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"முடியும் பெரியப்பா," என்றாள் அக்கா, கத்தியைத் திறந்தபடி.