சும்மாடு உட்காராத தொப்பி

பூசணிக்காய் உடையவில்லை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அசந்து போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, மாசி மாதம். ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்துக் கரிக்கிடங்கில் ஆணும் பெண்ணுமாக நூறு பேர் வட்டம் கட்டி நின்றார்கள். நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட தாமஸ், தலைக்கவசம் விற்கிற கம்பெனியின் ஆள், ஒரு மணல்மூட்டை மேல் பூசணிக்காயை வைத்தார். அதன் தலையில் சீமையிலிருந்து வந்த தொப்பியை மாட்டினார். ஏணியில் ஏறி ஓர் இரும்புக் குண்டைப் போட்டார். ணங்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அதே குண்டைப் போட்டார். பூசணிக்காய் நாலாகப் பிளந்தது. பிளந்ததில் பெரிய துண்டை மேஸ்திரி கிருஷ்ணப்பன் கூட்டு வைக்க எடுத்துக்கொண்டு போனார் என்பது வேறு கதை.

"தொப்பிக்கும் மண்டைக்கும் நடுவில ரெண்டு விரல் இடம் விட்டு வார் கட்டியிருக்கு பாருங்க. அடி மண்டைக்கு வராது, வாரில பரவிப் போயிடும்" என்றார் தாமஸ். லண்டனில், அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன், பாலம் கட்டுகிறவன் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்களாம். உலகமே வாங்குகிறதாம்.

பெண்கள் வரிசையில் நின்ற கன்னியம்மாவுக்கு உலகம் வாங்குவதைப் பற்றி அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தொப்பி, அவள் அக்கா அங்கம்மாவுக்கு.

அங்கம்மா போன ஆடியில் அடிபட்டவள். கப்பலிலிருந்து கரியை அள்ளுகிற கிராப் என்ற இரும்பு வாய் தலைக்கு மேலே போகும், வரும். அது வாயை எவ்வளவு இறுக மூடினாலும் இடுக்கில் கரிக்கட்டி உதிரும். கொட்டிய கரியைப் பெண்கள் கூடையில் சுமந்து ரயில் வேகனில் தட்டிவிட்டு, திரும்பி வரும்போது காலிக் கூடையைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு ஓடி வருவார்கள். கிடங்குக் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு அதுதான், அதையும் கம்பெனி கொடுக்கவில்லை, கூடை அவரவருடையது. அன்றைக்கு விழுந்த கட்டி அங்கம்மாவின் மூங்கில் கூடையைப் பிய்த்துக்கொண்டு மண்டையில் இறங்கியது. மூன்று மாதம் படுக்கை. இன்னும் சில நாள் பெற்ற பிள்ளையின் பெயரே வாயில் வராது. "இன்னொரு அடி இந்தத் தலை தாங்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தையில் மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். வராமல் என்ன செய்வாள்?

கன்னியம்மா கையைத் தூக்கினாள்.

"சார், இத்து மேல கரிக்கூட எப்டி நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தாமஸ் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைத் தன் கையில் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். அது முட்டை மாதிரி உருண்டையாக இருந்தது.

"போட்டுப் பாருங்கம்மா" என்று நீட்டினார்.

அவள் போட்டாள். அதன் மேல் பழந்துணியைச் சுருட்டிய சும்மாட்டை வைத்தாள். இரண்டு பேர் கரிக்கூடையைத் தூக்கி ஏற்றினார்கள். பத்து அடிகூட நடந்திருக்கமாட்டாள். சும்மாடு ஒரு பக்கம் வழுக்கியது, கூடை இன்னொரு பக்கம் சாய்ந்தது, அந்த இரண்டு விரல் இடத்தில் தொப்பியே ஆடியது. கூடைக் கரி முழுதும் தாமஸின் வெள்ளைச் சட்டையில் போய்த்தான் நின்றது.

"தல ஒரு பக்கம் போவுது, இந்தச் சட்டி ஒரு பக்கம் போவுது" என்றாள் கன்னியம்மா, கரித்தூசியைத் தட்டிக்கொண்டு.

கப்பலின் அடித்தட்டில் நின்று மண்வெட்டியால் அள்ளுகிற ஆண்களுக்கு அறுபது தொப்பி வந்தது. அவர்கள் தலையில் எதையும் சுமப்பதில்லை, அழகாக உட்கார்ந்தது. பெண்களுக்கு ஒன்றும் வரவில்லை. கேட்கப் போனால் மேஸ்திரி, "ஒங்களுக்கு இன்னாத்துக்கு? கூடயே தொப்பிதான்" என்றார். இதைச் சொல்லிவிட்டு, தான் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு. அந்தக் கூடையைப் பிய்த்துக்கொண்டு இறங்கிய கட்டியை அவரேதான் அன்றைக்கு அங்கம்மாவின் முடியிலிருந்து எடுத்துப் போட்டார். எட்டு மாதத்தில் மறந்துவிட்டது. அடிபட்ட அங்கம்மாவின் ஞாபகமே பரவாயில்லை.

தாமஸ் நல்ல மனுஷன். விற்கிற ஆசையும் இருந்தது, மனசும் இருந்தது. மேலே தட்டையாக, சும்மாடு நகராமல் இருக்க ஒரு வரம்பு வைத்து, ஒரு தொப்பி வரைந்து சீமைக்குத் தபாலில் அனுப்பினார். அங்கம்மாவின் தலையை நூலால் அளந்துகொண்டுகூடப் போனார். கன்னியம்மா தினமும் கப்பலைப் பார்ப்பாள். ஒவ்வொரு கப்பலும் கரியைத்தான் கொண்டு வந்தது.

வைகாசியில் பதில் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று தாமஸ் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். கடிதம் கண்டார்கள். மகிழ்ச்சியாம். ஆனால் உலகச் சந்தையில் இப்படி ஒரு வடிவத்துக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லையாம். பத்தாயிரம் உருப்படி கேட்டால் அச்சு செய்வதைப் பற்றி யோசிப்பார்களாம்.

"தேவ இல்லியா?" என்றாள் கன்னியம்மா. "இந்தூர்ல தலயில செமக்காதவ யாரு சார்? மீன்காரி செமக்கறா. செங்கல்லு தூக்கறவ செமக்கறா. கலீஜ் அள்றவ செமக்கறா. பத்தாயிரம் தல இந்த ராயபுரத்துலயே கீதே."

"இருக்கும்மா. அந்தத் தலைக்கெல்லாம் வாங்கிக் கொடுக்க ஒருத்தன் வேணும். அப்பத்தான் அவங்க அதை சந்தைன்னு சொல்லுவாங்க."

அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? ஆனாலும் கோபம் வந்தது. பூசணிக்காய்க்குப் பொருந்துகிற தொப்பியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து காட்டத் தெரிகிறது, மனுஷியின் தலைக்குப் பொருந்துவதைச் செய்யத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் மதார் சாகிப்பின் பழைய இரும்புக் கடை. உள்ளே ஒரு கோழி, சண்டைக்காலத்து இரும்புத் தொப்பியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சண்டை முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்டதை சாகிப் வண்டி வண்டியாக ஏலத்தில் எடுத்திருந்தார். கரையோரத்து ஜனங்கள் படகில் ஏறிய தண்ணீரை இறைக்க வாங்குவார்கள், மிச்சம் கோழிக்கு. கன்னியம்மா நின்றாள். அந்தத் தொப்பி உருண்டை இல்லை. அகலமாக, தட்டு மாதிரி, விளிம்போடு இருந்தது.

"பாய், அத்தக் கொஞ்சம் தட்டயா அடிச்சிக் குடுப்பியா?"

"இன்னாத்துக்கு?"

சொன்னாள். சாகிப் கோழியை விரட்டினார். அடைகல்லில் வைத்து உச்சியை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக்கினார். உள்ளே மட்கிப்போன வாரை அறுத்தெறிந்துவிட்டு, கன்னியம்மா சொன்ன மாதிரி மண்டைக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டு, சைக்கிள் டியூப்பைக் கீறிக் குறுக்கும் நெடுக்குமாக இறுகக் கட்டினார். சும்மாட்டை மேலேயே தைத்துவிட்டார்கள். பூசணிக்காய் வாங்க வழியில்லை, சாகிப் தன் தலையில் போட்டுக்கொண்டு, "ஒரு தட்டு தட்டு" என்றார். அவளும் சுத்தியால் தட்டினாள். "அல்லா, கணக்கா கீது" என்றார் அவர்.

கனம்தான். முதல் நாள் கழுத்து வலிக்கிறது என்று அங்கம்மா சண்டை பிடித்தாள். வெயிலில் அடுப்பு மேல் சட்டி வைத்த மாதிரி கொதிக்கிறது என்றாள். ஆனால் கூடை நின்றது. மூன்றாம் நாள், மற்றவர்கள் காலிக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓட, அங்கம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மகாராணி மாதிரி கிராப்புக்கு அடியில் நடந்து வந்தாள். தேங்காய் அளவு கட்டி ஒன்று நேராக அவள் உச்சியில் விழுந்தது. கன்னியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அங்கம்மா நின்றாள். கண்ணைச் சிமிட்டினாள். திரும்பிப் பார்த்து, "எவடி என்னியத் தட்டனது?" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம்தான் அந்த வருஷத்தில் கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தது.

சாயந்திரமே மேஸ்திரி வந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டார். "கம்பெனி குடுக்காத சாமான மாட்டிகினு வேல செய்யக் கூடாதுன்னு மானேஜர் ஆர்டர் போட்டுட்டாரு. நாளைக்கி இதால எதுனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"இது இல்லாம எதுனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது மேஸ்திரி?"

"அது வேற" என்றார் கிருஷ்ணப்பன். எப்படி வேறு என்று அவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நின்று சொல்லியிருப்பார்.

ஆகவே ஆடியில் சர்க்கார் இன்ஸ்பெக்டர் கிடங்கைப் பார்க்க வந்தபோது, கன்னியம்மா கூடையோடு போய் அவர் வழியில் நின்றாள். மானேஜர் பல்லைக் கடித்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட, பொறுமையான ஆள். கிராப்பை அண்ணாந்து பார்த்தார், அங்கம்மாவின் மண்டைத் தழும்பைக் குனிந்து பார்த்தார். கன்னியம்மாவுக்கு அழுகை வந்தது. முதல் தடவையாக ஒருவர் மேலேயும் பார்த்தார், கீழேயும் பார்த்தார்.

"கிராப்புக்கு அடியில் வேலை செய்கிற எல்லோரும் தொப்பி போட்டாக வேண்டும். பெண்களும்தான்" என்றார் மானேஜரிடம்.

மானேஜர் உடனே ஆண்களின் தொப்பி ஒன்றை வரவழைத்தார். "கொடுப்பதற்கு என்ன சார், தயார். இவர்களிடமே கேளுங்கள்."

இன்ஸ்பெக்டர் கன்னியம்மாவிடம் திரும்பினார். "இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் சுமை தூக்க முடியுமா, முடியாதா?"

"முடியாது சார்" என்றாள் அவள், அழுத்தமாக. எத்தனை மாதம் இந்தக் கேள்விக்குக் காத்திருந்தாள். "கூட நிக்காது. ஆனா பாய் கடையில ஒண்ணு அடிச்சாரு, அத்த மேஸ்திரி..."

"கேட்டதற்கு மட்டும் பதில் போதும்" என்றார் மானேஜர்.

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்திருந்தார். "முடியாது" என்பதற்குக் கீழே கன்னியம்மா கட்டைவிரலை வைத்தாள், அவளுக்குப் பின்னால் முப்பத்தேழு பெண்களும் வைத்தார்கள். முடியாது என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டால் முடிகிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்துத்தானே ஆக வேண்டும்? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வீட்டில் அடுப்பு புகைகிறது என்று சொன்னால் அடுப்பைச் சரி செய்வார்கள், சமைக்கிறவளைத் துரத்தமாட்டார்கள். அந்த நியாயம் இங்கேயும் இருக்கும் என்று நம்பியது அவர்கள் செய்த தப்பு.

ஆவணி முதல் தேதி, காலைச் சங்கு ஊதியதும் மேஸ்திரி நோட்டீஸைப் படித்தார். தொப்பி இல்லாமல் யாரும் கிராப்புக்கு அடியில் போகக் கூடாது. தொப்பி போட்டுச் சுமை தூக்க முடியாது என்று பெண்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய பாதுகாப்பை உத்தேசித்து, இன்று முதல் கரிக்கிடங்கில் பெண்களுக்கு வேலை இல்லை. ஆண்கள் தள்ளுவண்டியில் தள்ளுவார்கள்.

முப்பத்தேழு பேரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. ஒவ்வொருத்தியாகக் கூடையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்கள். கேட்டுக்குப் போகிற வழி கிராப்புக்கு அடியில்தான். அந்த இடம் வந்ததும், வழக்கம்போல, கூடையைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள்.

கன்னியம்மா ஓடவில்லை. கூடையைக் கீழே போட்டுவிட்டு நடுவில் நின்றாள். மேலே கிராப் வாயை மூடிக்கொண்டு வந்தது. அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மானேஜரையா, சீமைக்காரனையா, பொறுமையாகப் பார்த்து எழுதிய அந்தப் புண்ணியவானையா, முடியாது என்று சொன்ன தன் வாயையா?

"போடுடா" என்றாள் கிராப்பைப் பார்த்து. "போடு, பாக்கலாம்."

சட்டென்று கண் இருட்டியது. தலைக்கு மேல் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. மூங்கில் இடுக்கில் பார்த்தாள். அங்கம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வெறுந்தலையோடு, தழும்பு வெயிலில் தெரிய.

"யக்கா, ஒந் தல" என்று அலறி, கன்னியம்மா கூடையைப் பிடுங்கி அக்காவின் மேல் கவிழ்த்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் சடசடவென்று கரி உதிர்கிற சத்தம் கேட்டது. கேட்டைத் தாண்டிய பிறகுதான் நின்றாள். அக்காவின் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அங்கம்மா கூடையிலிருந்த கரித்தூளைத் தட்டினாள். சும்மாட்டை எடுத்து உதறி மறுபடி சுருட்டினாள்.

"அயுதுகினு நிக்காத" என்றாள். "காசிமேட்டுக் கரையில மீன் வந்திருக்கும். எம் பேர்ல ஒரு கூட, ஒம் பேர்ல ஒரு கூட கேட்டுப் பாக்கலாம், வா."

கன்னியம்மாவின் கூடை உள்ளேயே கிடந்தது. அதை எடுக்க வாட்ச்மேன் விடவில்லை. தொப்பி இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்றான்.